வேட்டுப் போடாத கரை

கொக்கனேந்தல் கண்மாய்க்குக் காவல் இரு என்று ராமுத்தாயிடம் யாரும் சொல்லவில்லை. அவள் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்ததற்குப் பறவைகளும் காரணமில்லை. காரணமெல்லாம் மனிதர்கள்தான்.

ஐம்பத்தொன்றில் அவள் புருஷன் சோலைமலை மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். மகள் வள்ளித்தாய்க்கு அப்போது எட்டு வயது. துக்கம் ஓரளவு அடங்கிய பிறகு ஒரு நாள் காலையில் ராமுத்தாய் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டுக்காரர் விருதுநகர்ச் சந்தைக்குப் போக வண்டி பூட்டிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. மாட்டை அவிழ்த்துக் கட்டினார், வீட்டுக்குள் போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார், கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தார், மறுபடி வண்டியைப் பூட்டிக் கிளம்பினார். திட்டியிருந்தால் ராமுத்தாயும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பாள். அவளுக்கு வாய் இல்லாமல் இல்லை. தண்ணீர் குடித்த மனுஷரிடம் என்னவென்று சண்டை போடுவது? இத்தனைக்கும் நல்லவர். சோலைமலையைத் தோள்கொடுத்துத் தூக்கிப் போனவர்களில் அவரும் ஒருவர்.

அன்றிலிருந்து ராமுத்தாய் ஊர் கண் விழிக்குமுன்பே கண்மாய்க் கரைக்குப் போய்விடுவாள். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாம் கிளம்பிப் போய், வெயில் ஏறின பிறகுதான் தெருவுக்குத் திரும்புவாள். கரையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாள். சிவகாசிக் கம்பெனி ஆள் போட்டுவிட்டுப் போகிற மரச்சீவலும் நீலத்தாளும் ஒரு கிண்ணம் பசையும் இருந்தால் எங்கே உட்கார்ந்தும் ஒட்டலாம். எதிரே தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. அவை அவளைப் பார்த்தன. எந்த நாரையும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரவில்லை. பறவைகளுக்குச் சகுனம் கிடையாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலையில் அவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்ததும் நாரை, கொக்கு, வக்கா, கரண்டிமூக்கன் என்று எல்லாம் வந்து இறங்கும். சித்திரையில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போகும். இடைப்பட்ட காலத்தில் மரங்களெல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். அந்த எச்சம் கரைந்த தண்ணீர் பாய்கிற வயலுக்கு வேறு உரம் வேண்டாம். அதனால் ஊருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பறவை இருக்கிற வரைக்கும் மரத்தில் கத்தி வைக்கக் கூடாது, துப்பாக்கி கூடாது, எந்த விசேஷத்துக்கும் வேட்டுப் போடக் கூடாது. சுற்றியிருக்கிற ஊரெல்லாம் வெடி செய்து வயிறு வளர்க்கிற சீமையில் இப்படி ஒரு ஊர். திருத்தங்கல்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கட்டுப்பாடு போட்டது ஊர். காவல் காக்கத்தான் ஆள் இல்லை. வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருந்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் களையெடுப்பு, இன்னொருவருக்கு மாமியார் வந்திருக்கிறாள். எப்படியும் ராமுத்தாய் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் யார் வீட்டு முறை என்றாலும் ராமுத்தாய்தான். அவளும் அதைப் பாரமாக நினைக்கவில்லை. விடியக் கரையை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சு கிடந்தால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தொரட்டிக் கம்பில் கட்டிய ஓலைக் கொட்டானில் வைத்துத் தூக்கிக் கூட்டில் சரிப்பாள். தாய்ப்பறவை அவள் மண்டையில் கொத்தும். ஆடு மேய்ப்பவர்களை, மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கம் திருப்பிவிடுவாள். துப்பாக்கியோடு ஜீப்பில் வருகிற பெரிய மனிதர்களை வழியை மறித்து நின்று திருப்பி அனுப்புவாள். இதையெல்லாம் சத்தமில்லாமல் செய்வாள். கரையில் கத்தக் கூடாது, ஓடக் கூடாது, மரத்தை நேருக்கு நேர் உற்றுப் பார்க்கக் கூடாது. கண் தன்மேல் விழுந்தால் பறவைக்குப் பொறுக்காது.

ஐம்பத்தேழில் ஒரு லாரி வந்தது. எந்தக் கம்பெனி லாரியோ, யாருக்கும் தெரியவில்லை. புதிதாகச் செய்த வேட்டைச் சோதித்துப் பார்க்க ஆளில்லாத வெளி தேடியிருக்கிறார்கள். கரை ஓரம் நிறுத்தி ஒன்றே ஒன்று வைத்தார்கள். ராமுத்தாய் அப்போது மடை அருகே நின்றிருந்தாள். சத்தத்துக்கு அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் எழும்பின. எழும்புகிற வேகத்தில் காலால் எத்தியதில் கூட்டில் இருந்த முட்டையும் குஞ்சும் புளியம்பழம் உலுக்கினது போலத் தண்ணீரில் உதிர்ந்தன. எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று தெரியாமல் அவள் கொட்டானில் அள்ளிக்கொண்டே இருந்தாள். கரைக்கு வந்து சேர்ந்த மிச்சத்தை நாய்கள் தின்றன. லாரிக்காரர்கள் பாவம், ஒன்றும் புரியாமல் நின்றார்கள். அவள் சோலைமலைக்குக்கூட அப்படி அழுததில்லை.

இதைத் தெரிந்துகொண்டால்தான் அறுபத்திரண்டு தை மாதத்தில் அவள் பட்ட பாடு புரியும்.

வள்ளித்தாய்க்குப் பத்தொன்பது முடியப்போகிறது. அதற்குமுன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. தகப்பன் இல்லாத பெண் என்றார்கள். மூன்றாவதாக வந்தது திருத்தங்கல் சம்பந்தம். மாப்பிள்ளையின் அப்பா சுந்தரபாண்டி சொந்தமாகச் சின்னதாக ஒரு வெடிக் கம்பெனி வைத்திருப்பவர். மகன் ஜெயச்சந்திரன் அப்பாவுக்கு ஒத்தாசை. வள்ளித்தாய்க்குப் பையனைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. சந்தைக்கு வந்தவன் இரண்டு தரம் வழி தவறியவன்போல அந்தத் தெருவில் சைக்கிள் விட்டதாகவும் பேச்சு.

நிச்சயத்துக்கு வந்த இடத்தில்தான் வந்தது வினை. எல்லாம் பேசி முடித்து வெற்றிலைத் தட்டை எடுக்கும்போது யாரோ வேட்டுக் கட்டுப்பாட்டைச் சொல்லிவிட்டார்கள். சுந்தரபாண்டி தட்டைக் கீழே வைத்தார்.

"வெடி இல்லாத கல்யாணமா? எங்க வீட்ல எளவுக்கே வெடி உண்டு. ஊர் எல்லையில மாப்பிள்ள வந்து எறங்குனதும் ஒரு வேட்டு, தாலி ஏறுனதும் ஒரு சரம். இது இல்லாம எங்க வகையறாவுல ஒரு கல்யாணம் நடந்ததில்ல."

முத்துமாரியம்மாள் பதறிப்போனாள். அவள் சோலைமலையின் அக்கா. தம்பி போனபிறகு நல்லது கெட்டதுக்கு அந்த வீட்டில் முன்னால் நிற்பவள் அவள்தான்; ராமுத்தாய் கதவுக்குப் பின்னால்.

"ஒரு வேட்டுத்தான மாமா? போட்டுக்கிடுவோம். ஊர்ல நாஞ் சொல்லிக்கிடுதேன்" என்றாள் முத்துமாரியம்மாள்.

கதவு திறந்தது. ராமுத்தாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சபையில் வந்து நின்றாள்.

"அது முடியாது மதினி. தைன்னா அம்புட்டும் குஞ்சு பொரிச்சிருக்கிற நேரம். அண்ணாச்சி, கல்யாணத்த வைகாசிக்குத் தள்ளி வைங்க. பறவ போயிரும். ஒரு லாரி நெறையக் கொண்டாந்து வெடிச்சாலும் நான் கேக்க மாட்டேன்."

"சித்திர பொறந்தா எனக்கு தீவாளி ஆர்டர் குவிஞ்சிரும்மா. அப்பம் மூச்சுவிட நேரமிருக்காது. தைதான்."

கொக்கனேந்தலில் தைக் கல்யாணமே கிடையாது. ஊர்க்காரர்கள் எல்லாம் ஆவணியிலோ வைகாசியிலோ வைத்துக்கொள்வார்கள். ஆனால் இரண்டு இடம் தட்டிப்போன வீட்டில் மாதம் பார்த்துப் பேரம் பேச முடியுமா? ராமுத்தாய் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சுந்தரபாண்டி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை.

"சரி. தையில கல்யாணம். வேட்டெல்லாம் திருத்தங்கல்லயே போட்டுக்கிடுதேன். ஒங்க கரையில ஒரு ஊசிவெடிகூட வெடிக்காது. போதுமா?" என்று தட்டை எடுத்தார். குரலில் காரம் இறங்கவில்லை.

அவர்கள் போனதும் வள்ளித்தாய் உள்ளே இருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

"இதும் தட்டிப் போயிருந்தா என்னம்மா செஞ்சிருப்ப? ஒனக்கு நான் பெருசா, நாரை பெருசா?"

ராமுத்தாயிடம் பதில் இருந்தது. தெருவே தன்னைக் கண்டு ஒதுங்கிய காலத்தில் ஒதுங்காமல் இருந்தவை அவை என்று கல்யாணப் பெண்ணிடம் எப்படிச் சொல்வாள்? தீப்பெட்டிச் சீவலை எடுத்து வைத்துக்கொண்டு ஒட்ட ஆரம்பித்தாள். அதற்கப்புறம் இரண்டு மாதம் மகள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கல்யாண நாளன்று முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. வீட்டு முன்னால் பந்தல், வாழை, தெருவோடு நிற்கிற மேளம். முத்துமாரியம்மாள் விடிந்ததிலிருந்து ஆலத்தித் தட்டைக் கரைத்து வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். ராமுத்தாய்க்குக் கொல்லைப்புறம். அடுப்படியைப் பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தார்கள். யாரும் மனசு நோகச் சொல்லவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

எட்டு மணிக்கு வந்திருக்க வேண்டிய மாப்பிள்ளை வீட்டார் எட்டரைக்கும் வரவில்லை. ஒன்பது அடிக்கும் நேரம் ஆயிற்று. திருத்தங்கல் ரோட்டுக்கு ஒருவரைச் சைக்கிளில் விரட்டினார்கள். அவர் குறுக்குப்பாதையில் போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"ரோட்டுல பஸ்ஸயும் காணோம், ஆளையும் காணோம்."

பந்தலில் பேச்சு முணுமுணுப்பாக மாறியது. முத்துமாரியம்மாளுக்குத் தாங்கவில்லை. நேராகக் கொல்லைப்புறம் வந்தாள்.

"இப்பம் திருப்திதானட்டி ஒனக்கு? வெடிக்காரங்கிட்டயே வெடி வேண்டாம்னு சொன்னா அவுக மொகத்துல கரியப் பூசாம என்ன செய்வாக? எந் தம்பி மகள மணையில ஒக்கார வச்சு மானத்த வாங்கிட்டாக."

அறைக்குள்ளிருந்து வள்ளித்தாய் அழுகிற சத்தம் கேட்டது. பூவும் நகையுமாக அழுகிறாள். பெற்றவளுக்கு உள்ளே போய்த் தேற்றவும் துணிவு வரவில்லை. என்ன சொல்லித் தேற்ற? நாரை பெருசு என்றா?

போக இடமில்லாத கண் பழக்கத்தில் கண்மாய்க்குப் போயிற்று. கொல்லையிலிருந்து பார்த்தால் கரையின் கிழக்குக் கோடி தெரியாது, வளைவு மறைத்துவிடும். மரங்களின் உச்சி மட்டும் தெரியும். கிழக்குக் கோடி மரங்களில் ஒரு நாரைகூடக் கூட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாம் எழுந்து நின்று கழுத்தை நீட்டி ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வக்காக்கள் அங்கிருந்து விலகி மேற்கு மரங்களில் வந்து நெருக்கியடித்து இருந்தன.

ஒருவர் இருவர் நடந்து போனால் அவை எழுந்து நிற்காது. மாட்டுக்கும் நிற்காது. பெருங்கூட்டம் ஒன்று கிழக்குக் கோடியில் ஊர் எல்லை ஆலமரத்தடியில் நின்றால்தான் இப்படி. போன மாசிக் கோயில் கொடைக்கு வெளியூர்க்காரர்கள் அங்கே சோறு பொங்கியபோது இதே மாதிரிதான் நின்றன.

"மதினி! அவுக வந்துட்டாக. ஆலமரத்தடியில நிக்காக."

"யாரு சொன்னா?"

"அந்தா பாருங்க, நாரையெல்லாம் எந்திரிச்சு நிக்கி."

முத்துமாரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாரை வந்து சொல்லிச்சாக்கும்! வந்திருந்தா வேட்டுச் சத்தம் கேட்டிருக்காதா?" என்று கேட்டுவிட்டு வாசலுக்கு விரைந்தாள்.

ராமுத்தாய்க்குச் சுரீர் என்றது.

வேட்டு. மாப்பிள்ளை வீட்டார் எல்லையில் இறங்கி ஒரு வேட்டுப் போட வேண்டும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பெண் வீட்டார் மேளமும் ஆலத்தியுமாக எதிர்கொண்டு அழைக்கப் போக வேண்டும். காலங்காலமாக அதுதான் வழக்கம். வேட்டு வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார்கள். வேட்டுக்குப் பதில் என்ன என்று இரண்டு பக்கமும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. இவர்கள் சத்தம் கேட்கவில்லை என்று வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எதிர்கொள்ள ஆள் வரவில்லை என்று ஆலமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ் ரோட்டைவிட்டு இறங்கி ஆலமரத்துக்கு வந்துவிட்டால் சைக்கிள்காரர் கண்ணில் எப்படிப் படும்? அழையாத வீட்டுக்குள் அவர்களாக நுழையவும் மாட்டார்கள். மானம் என்ற ஒன்று இருக்கிறதே, அது வெடிக்காரர்களுக்கு வெடியைவிடப் பெரியது.

இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு ஒன்று, பஸ்ஸைத் திருப்புவார்கள். இல்லாவிட்டால் ஒரே ஒரு வேட்டுப் போட்டுப் பார்ப்போம் என்பார்கள். வெடிக்காரன் வேட்டு இல்லாமல் பயணம் கிளம்புவானா? எது நடந்தாலும் அவளுக்கு ஒன்று போய்விடும்.

யாரையாவது அனுப்பலாம் என்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அத்தனை பேரும் முத்துமாரியம்மாளைச் சுற்றி நின்று மாப்பிள்ளை வீட்டாரை வைதுகொண்டிருந்தார்கள். நாரை சொன்னதை நம்ப அங்கே யார் இருக்கிறார்கள்? தான் போகலாமா? ஊரே தள்ளி வைத்த முகம், மாப்பிள்ளைக்கு முன்னால் முதல் முகமாகப் போய் நிற்பதா? பெற்ற மகளுக்குத் தானே கெடுதல் செய்வதா? அவள் கால் ஒரு கணம் தயங்கியது உண்மை. அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகினாள். கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு கரைமேல் ஏறி ஓடினாள்.

பதினோரு வருஷத்தில் அந்தக் கரையில் அவள் ஓடியது அன்றுதான். மரங்களில் சலசலப்பு எழுந்தது. மனசுக்குள் அவற்றிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினாள்.

வளைவு திரும்பியதும் தெரிந்துவிட்டது. ஆலமரத்தடியில் பஸ். பட்டுச்சேலைகளும் வெள்ளை வேட்டிகளுமாகக் கூட்டம். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பஸ் படியில் உட்கார்ந்திருந்தான். சுந்தரபாண்டி கூட்டத்துக்குப் புறங்காட்டிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கரை ஓரத்தில் அவருடைய மச்சான் ஒச்சப்பன் குத்தவைத்திருந்தான். அவன் முன்னால் சணல் சுற்றிய வேட்டு ஒன்று மண்ணில் நட்டிருந்தது. கையில் ஊதுபத்தி.

"நாம என்ன அழையா வீட்டுக்கு நுழையா விருந்தாளியா? ஒண்ணே ஒண்ணு போட்டா ஓடி வருவாகள்ல" என்று சொல்லிக்கொண்டே அவன் திரியில் வைத்தான்.

வேறு யாராவது இருந்தால் 'ஐயோ' என்று அலறியிருப்பார்கள். அவளுக்கு அலறல் தொண்டைவரை வந்தது. கரையில் கத்தக் கூடாது. அலறலை விழுங்கிவிட்டு, நேராகப் போய் விழுந்து, புகைகிற திரியைப் பிடுங்கி உள்ளங்கைக்குள் பொத்தி நசுக்கினாள். மூடிய கைக்குள் திரி சீறிற்று. தோல் கருகுகிற வாடை வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணில் கிடந்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

ஒச்சப்பன் பின்னால் சரிந்து உட்கார்ந்துவிட்டான். சுந்தரபாண்டி ஓடி வந்தார். வெடியோடே வாழ்கிறவர், பற்றின திரியில் கை வைக்கிறது என்றால் என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய இடது கையில் இரண்டு விரல் கிடையாது.

"ஏம்மா! கையே போயிருக்குமேம்மா!"

"மெல்லப் பேசுங்க அண்ணாச்சி" என்றாள் ராமுத்தாய். "அங்கன எம் மக அளுதுக்கிட்டு இருக்கா. நீங்க வரலன்னு நெனச்சுக்கிட்டோம். வேட்டுச் சத்தம் கேட்டாத்தான எதிர்கொண்டு வரணும்? அது இல்லாம நீங்க வந்தது எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சுந்தரபாண்டி இருக்கிற விரல்களால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஏலே ஒச்சப்பா, நாம இங்கன வீம்பு பிடிச்சு ஒக்காந்திருக்கோம். அவுக அங்கன காதத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காக. ஒரு ஆள அனுப்பணும்னு ஒருத்தனுக்காவது தோணிச்சா? வெடிக்காரப் புத்தி!"

இரண்டொருவர் சிரித்தார்கள். ஆனால் பஸ்ஸுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் மெல்லக் கேட்டது: "மொத மொகமே இப்பிடியா வந்து நிக்கணும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. ராமுத்தாய் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்து, ஆலமரத்துக்குப் பின்னால் போய் ஒதுங்கினாள்.

"நேரமாகுது அண்ணாச்சி. நீங்க எல்லாரும் முன்னால போங்க. நான் கடைசியா வாறேன்."

சுந்தரபாண்டி கரையைப் பார்த்தார். வண்டி போகாத ஒற்றைத்தடம்; பஸ்ஸில் ரோட்டைச் சுற்றிப் போக நேரமில்லை. வலது பக்கம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் மரங்கள், கிளைக்குக் கிளை கூடு. கூட்டுக்குக் கூடு, இறகு முளைக்காத குஞ்சுகள் கத்தின. ராமுத்தாய் ஓடிவந்ததில் தாய்ப்பறவைகள் இன்னும் இறக்கையை மடக்காமல் நின்றன.

"இத்தன பேரு எப்பிடிம்மா போறது, அதுக எந்திரிக்காம?"

"செருப்பக் கழத்திக் கையில எடுத்துக்கிடுங்க. ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்க. பேசக் கூடாது. மரத்தப் பாக்கக் கூடாது."

"எங்களுக்கு அம்புட்டுக் கூறு கிடையாது" என்றார் சுந்தரபாண்டி. "நீங்க முன்னால நடங்க தங்கச்சி. நீங்க வைக்கிற எடத்துல நாங்க கால வைக்கோம்."

"வேண்டாம் அண்ணாச்சி. நான் முன்னால வரக் கூடாது."

அப்போதுதான் மாப்பிள்ளை எழுந்தான். புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"நடங்க அத்தை" என்றான்.

ராமுத்தாய் நடந்தாள். அந்தத் தூரம் அவள் தினம் நடக்கிற தூரம். அன்றைக்குப்போல் என்றும் நீண்டதில்லை. பின்னால் பட்டுச்சேலை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெடி போட்டே பழகின திருத்தங்கல் கூட்டம் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, மூச்சுவிடப் பயந்து வந்தது. வளைவில் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. கிளைமேல் நின்ற பெரிய நாரை இறக்கையை முழுக்க விரித்தது. அது எழும்பினால் எல்லாம் எழும்பும். ராமுத்தாய் நின்றாள். வரிசை முழுவதும் அப்படியே நின்றது. குழந்தையின் தாய் அதை முந்தானைக்குள் இழுத்துப் பால் கொடுத்தாள். சிணுங்கல் அடங்கியது. நாரை கொஞ்ச நேரம் விரித்த இறக்கையோடு நின்றுவிட்டு, மடக்கிக்கொண்டு, குஞ்சின்மேல் உட்கார்ந்தது.

வரிசை மறுபடி நகர்ந்தது.

கரையிலிருந்து தெருவுக்கு இறங்குகிற இடத்தில் பந்தலில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். கூச்சல், ஓட்டம், மேளம். முத்துமாரியம்மாள் ஆலத்தித் தட்டோடு ஓடி வந்தாள். முன்னால் நிற்பது ராமுத்தாய் என்று கண்டதும் அவள் கை தட்டோடு அந்தரத்தில் நின்றது. ஒரே நிமிஷம்தான். ராமுத்தாய் தானாகவே பக்கத்துச் சந்தில் விலகினாள். தட்டு மாப்பிள்ளைக்குச் சுற்றப்பட்டது.

ஒரே நாளில் ஊர் மாறிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஊரைத் தெரியாது. முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது. ராமுத்தாய் அதைக் கொல்லைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். வெந்த கையில் யாரோ அரிசிமாவைக் கரைத்துப் பூசித் துணி சுற்றியிருந்தார்கள். அட்சதையை இடது கையால் அங்கிருந்தே போட்டாள். அது நடு முற்றத்தைக்கூட எட்டவில்லை. மகளுக்குத் தாலி ஏறிவிட்டது, குஞ்சுகள் கூட்டில் இருக்கின்றன. இதற்குமேல் என்ன வேண்டும் என்று அவள் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். சமாதானம் ஆயிற்றா என்றால், முழுக்க ஆகவில்லை.

மறுநாள் காலையில் பெண்ணும் மாப்பிள்ளையும் திருத்தங்கலுக்குக் கிளம்ப வேண்டும். கிளம்புகிற நேரத்தில் எதிரில் நிற்கக் கூடாது என்று ராமுத்தாய் இருட்டுப் பிரிகிற முன்பே கரைக்கு வந்துவிட்டாள். மகளிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஒரு கையால் தீப்பெட்டி ஒட்ட முடியவில்லை, வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

வெளிச்சம் வந்ததும் மரங்களைப் பார்த்தாள். மேற்கு மரத்து நாரைகள் கழுத்தைத் தூக்கின. எழுந்து நிற்கவில்லை. ஒருவர், இருவர்தான் வருகிறார்கள் என்று அர்த்தம். திரும்பினாள்.

ஜெயச்சந்திரன் வந்துகொண்டிருந்தான், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. அவனுக்குப் பின்னால் அவன் கால் வைத்த தடத்தில் கால் வைத்து, தரையைப் பார்த்தபடி வள்ளித்தாய் வந்தாள். பயண மூட்டைகூட வீட்டை விட்டு இறங்கியிருக்காது.

ராமுத்தாய் பதறி எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கெளம்புற நேரத்துல இங்கன எதுக்குட்டி வந்தீக? போங்க, போங்க."

வள்ளித்தாய் சுற்றி முன்னால் வந்து நின்றாள். அம்மாவின் துணி சுற்றிய கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"ஒம் மொகத்துல முழிச்சிட்டுத்தான் போகணும்னு அவுக சொல்லிட்டாக" என்றாள் கிசுகிசுப்பாக. "நானும் அதுக்குத்தாம்மா வந்தேன்."

ராமுத்தாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கரையில் சத்தம் போட்டு அழவும் வழியில்லை.